ஓடிப்போன மனைவிக்கு ஓர் அறிவிப்பு

அத்தியாயம் 14

சண்டை என்று எதுவும் இல்லை. போன வாரம் மகள் டெஸ் கல்லூரி விடுதியிலிருந்து தொலைபேசியில் கேட்டபோதும் கொரீன் அதையேதான் சொன்னாள்.

"சண்டை போட்டிருந்தா சமாதானமாவது ஆகியிருக்கலாம், டெஸ்."

"அம்மா, நீங்க ரெண்டு பேரும் அந்தப் பழைய காலத்துத் துணியைப் போட்டாத்தான் பேசிக்கறீங்க. அது உனக்குத் தெரியுதா?"

தெரிந்தது. தெரிந்து என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

டெஸ் படிக்கப் போனதிலிருந்து வீட்டில் பேச்சு மெல்ல மெல்லக் குறைந்தது. முதலில் சாப்பாட்டு மேஜையில் குறைந்தது. பிறகு படுக்கையில். கோடை வந்தபோது கொரீனும் ராய்ஸும் ஒரே வீட்டில் குடியிருக்கும் இரண்டு நல்ல மனிதர்கள் ஆகியிருந்தார்கள். அவன் குப்பையை வெளியே வைப்பான். அவள் அவனுக்கும் சேர்த்து ரொட்டி வாங்குவாள். நன்றிகூடச் சொல்லிக்கொள்வதில்லை.

சனிக்கிழமைகளில் மட்டும், பழைய கால வாழ்க்கையை நடித்துக் காட்டும் ஓர் அருங்காட்சியகப் பண்ணையில், அவர்கள் மிஸ்டர் பெல், மிசஸ் பெல். வருஷம் 1771. வர்ஜீனியாவில் குத்தகை நிலத்தில் புகையிலை போடும் ஏழைக் குடும்பம். பார்க்க வருகிறவர்கள் எதைக் கேட்டாலும் அந்த வருஷத்து மனிதர்களாகவே பதில் சொல்ல வேண்டும். அதுதான் பண்ணையின் சட்டம். ராய்ஸ் பல வருஷங்களாக மிஸ்டர் பெல். மிசஸ் பெல்லாக இருந்த டொரதிக்கு முட்டியில் அறுவை சிகிச்சை ஆனதால், ராய்ஸின் தங்கை மேபெத் வசந்த காலத்தில் கொரீனைப் பிடித்து இழுத்து வந்தாள். மேபெத்துக்கு அங்கே மெழுகுவர்த்திக் கொட்டகையில் வேலை.

இன்று சனிக்கிழமை. இன்று மாலைக்குள் கொரீன் ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

வடக்கே மெய்ன் மாநிலத்தில் அவள் பிறந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நூலகப் பொறுப்பு காலியாக இருந்தது. தங்கை லினெட்தான் சொல்லி ஏற்பாடு செய்திருந்தாள். தலைமையாசிரியை ஆறு மணி வரை காத்திருப்பாள். அதற்குப் பிறகு வேறு ஆள். ராய்ஸுக்கு இது எதுவும் தெரியாது.

கொரீன் மனதுக்குள் ஒரு முடிவோடு வந்திருந்தாள். அவனிடம் சொல்லிவிட வேண்டும். போகாதே என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போவதில்லை.

வண்டியை நிறுத்திவிட்டு இருவரும் உடை மாற்றும் கொட்டகைக்கு நடந்தபோது அவள் ஆரம்பித்தாள்.

"ராய்ஸ், ஒரு விஷயம்."

"இன்னிக்குக் குடும்ப நாள். முதல் பஸ் சீக்கிரமே வந்துடும்." அவன் நிற்கவில்லை. "வீட்டுக்குப் போய்ப் பேசலாமே."

வீட்டுக்குப் போய்ப் பேசுவது என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். அவள் உள்ளே போய்ப் பாவாடைக்கு மேல் பாவாடை கட்டிக்கொண்டாள். ஆகஸ்ட் மாதத்தில் மூன்று அடுக்குத் துணி. முந்தின வாரத்து அடுப்புப் புகை அதில் இன்னும் இருந்தது.

*

பிள்ளைகளுக்குப் பிடித்த வேலை புழு பொறுக்குவது.

புகையிலை இலைக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பச்சைப் புழுக்கள். சுண்டுவிரல் தடிமன், வாலில் ஒரு கொம்பு. இலையைத் திருப்பிப் பார்த்து, புழுவைப் பிய்த்தெடுத்து, வரப்பில் காத்திருக்கும் வான்கோழிகளுக்கு எறிய வேண்டும். நகரத்துப் பிள்ளைகள் முதல் புழுவுக்கு அலறுவார்கள். மூன்றாவது புழுவுக்குச் சண்டை போடுவார்கள்.

"கொம்பு குத்துமா?" பின்னல் போட்ட ஒரு சிறுமி கேட்டாள்.

"குத்தாது. பயமுறுத்த மட்டும்தான்," என்றான் ராய்ஸ். "என் பொண்டாட்டி மாதிரி."

பெரியவர்கள் சிரித்தார்கள். கொரீனும் சிரித்தாள். அது மிசஸ் பெல்லின் சிரிப்பு.

பேஸ்பால் தொப்பி போட்ட ஒரு தகப்பனார் முன்னால் வந்தார். "அடிமைங்க எங்க? அந்தக் காலத்துப் பண்ணைன்னா இருந்திருக்கணுமே?"

"ஆத்தோரத்துப் பெரிய தோட்டத்துல இருக்காங்க, ஐயா. அங்க அவங்க செய்யற வேலையத்தான் நாங்க இங்க எங்க கையால செய்யறோம்." ராய்ஸ் இலையிலிருந்து கையை எடுத்தான். "ஒரு வித்தியாசம். எனக்குப் பிடிக்கலைன்னா குத்தகை முடிஞ்சதும் நான் கிளம்பிடலாம். அவங்களால முடியாது."

அந்த மனிதர் தலையாட்டினார். ராய்ஸ் அந்தப் பதிலை ஒவ்வொரு வாரமும் சொல்கிறான். ஒவ்வொரு வாரமும் அப்போதுதான் நினைத்துச் சொல்வது போல் சொல்கிறான். அதில் கொரீனுக்கு எப்போதும் ஒரு மரியாதை உண்டு. இந்தக் கவனத்தில் கொஞ்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தால் என்ன என்ற வருத்தமும் உண்டு.

வெயில் ஏறியது. தண்ணீர்க் காவடியைத் தோளில் சுமந்து பார்க்க ஒரு கூட்டம், வளையம் உருட்ட ஒரு கூட்டம் எனப் பிரிந்து போயிற்று. போனவர்கள் அளவுக்குப் புதியவர்கள் வந்தார்கள். கொரீன் இலைகளைத் திருப்பிக்கொண்டே இருந்தாள். இடுப்பு வலித்தது. பகல் பாதி கழிந்துவிட்டது. பார்வையாளர்கள் இல்லாத ஒரு நொடி கிடைக்குமா என்று பார்த்தாள். கிடைக்கவில்லை.

அப்போது அவளுக்குத் தோன்றியது. பேசுவது இங்கேதானே நடக்கிறது. இங்கேயே சொல்லிவிட்டால் என்ன?

"மிஸ்டர் பெல்," என்றாள். வீட்டில் அவனுக்கு நீ, வா, போ. இங்கே மரியாதை. "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க, மிசஸ் பெல்."

கூட்டம் திரும்பியது. கணவனும் மனைவியும் பேசினால் எப்போதும் கூட்டம் திரும்பும்.

"வடக்கேருந்து ஆள் வந்திருந்துச்சு. கடலோரத்துல, எங்க ஊர்ல, பிள்ளைங்களுக்குப் படிப்பு சொல்லித்தர ஆள் வேணுமாம். என்னை வந்துடச் சொல்லி லினெட் கேட்டிருக்கா. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும்."

ராய்ஸின் கை இலையில் நின்றது.

லினெட். பழைய பண்ணை வீடுகளில் அப்படி ஒரு பெயர் கிடையாது. மிசஸ் பெல்லின் தங்கைக்கு மார்த்தா என்று பெயர். வசந்த காலத்திலேயே இருவரும் பேசி வைத்தது. டொரதி ஒருமுறை, 1771-இல் இல்லாத உருளைக்கிழங்கு வறுவலை வாய் தவறிச் சொன்னதற்கே ராய்ஸ் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவன் நிமிர்ந்து கொரீனைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். கேட்டுவிட்டான். இது நடிப்பு இல்லை என்று புரிந்துவிட்டது. இனி அவன் தொப்பியைக் கழற்றிவிட்டு, 'கொஞ்சம் வா' என்று புகையிலைக் களஞ்சியத்துக்குப் பின்னால் கூட்டிப்போவான் என்று எதிர்பார்த்தாள்.

ராய்ஸ் தண்ணீர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றான்.

"கேட்டீங்களா, பெரியோர்களே. என் பொண்டாட்டி என்னை விட்டுட்டுப் போறாளாம். எங்க ஊர்ல புருஷனை விட்டுப் போனா என்ன செய்வோம் தெரியுமா? பத்திரிகைல போடுவோம்."

சிரிப்பு எழுந்தது. பிள்ளைகள் நெருங்கி வந்தார்கள். கொரீனின் முகத்தில் ரத்தம் ஏறியது.

ராய்ஸ் இல்லாத ஒரு தாளைக் கையில் விரித்துப் பிடித்தான். குரலை மாற்றிக்கொண்டான்.

"சகலருக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில், என் மனைவி என் வீட்டையும் படுக்கையையும் துறந்து, எவ்வித முகாந்திரமும் இன்றி வெளியேறிவிட்டாள். அவளுக்கு யாரும் இடம் கொடுக்கலாகாது. அடையாளங்கள் பின்வருமாறு."

"அழகா இருப்பாங்கன்னு போடுங்க," என்று ஒரு பெண் குரல் கொடுத்தாள்.

"உயரம் நடுத்தரம். நடை வேகம். இடது மணிக்கட்டில் அடுப்புச் சூடு பட்ட தழும்பு. கோபம் வந்தால் திட்ட மாட்டாள். பாத்திரங்களை மிக மிக மெதுவாகக் கீழே வைப்பாள்."

அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்துத் தன் கணவனின் விலாவில் இடித்தாள்.

"குளிர்காலத்தில் பாதங்கள் பனிக்கட்டி. அதை அடுத்தவர் காலில் வைத்துவிட்டுத் தூங்கிவிடுவாள்."

மறுபடி சிரிப்பு. ராய்ஸ் கொஞ்சம் நிறுத்தினான்.

"காலையில் வாசலில் கோப்பையோடு நிற்பாள். நன்றாக ஆறிய பிறகுதான் குடிப்பாள். அவ்வளவு நேரம் எதைப் பார்க்கிறாள் என்று அவள் கணவன் கேட்டதில்லை."

இம்முறை சிரிப்பு பாதியில் நின்றது. ஒரு வான்கோழி மட்டும் வரப்பில் கத்திக்கொண்டிருந்தது.

"அவளைக் கண்டவர்கள்..." ராய்ஸ் தன் வெறுங்கையைப் பார்த்தான். அடுத்த வரி அங்கே எழுதியிருப்பது போல, அதைப் படிக்க முடியாதது போல. "அவளைக் கண்டவர்கள் திரும்பக் கூட்டிவர வேண்டாம். நலமாக இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை சொல்லியனுப்பினால் போதும்."

பிறகு பேஸ்பால் தொப்பிக்காரர் கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள்.

"அப்படியே நிஜம் மாதிரியே இருந்துச்சு," என்றாள் சிரித்த பெண், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

ராய்ஸ் வாளியிலிருந்து இறங்கினான். கொரீனின் பக்கம் பார்க்கவில்லை. "யாருக்குப் புழு வேணும்?" என்று கேட்டுக்கொண்டே அடுத்த வரிசைக்குப் போனான்.

*

மெழுகுவர்த்திக் கொட்டகையில் மாட்டுக் கொழுப்பு உருகும் வாசனை. மேபெத் முகமெல்லாம் சிவந்து, கொப்பரைக்குப் பின்னால் நின்றிருந்தாள். திரிகள் கட்டிய குச்சிகளோடு ஒரு குடும்பம் வரிசையில் நின்றது.

"முக்கி எடுத்துட்டு ஒரு சுத்து நடந்துட்டு வாங்க. ஆறணும். அவசரப்பட்டா ஒட்டாது." அவர்களை அனுப்பிவிட்டு மேபெத் கொரீனைப் பார்த்தாள். குரல் தாழ்ந்தது. "நோட்டீஸ் வாசிச்சானா? கைதட்டல் இங்க வரைக்கும் கேட்டுச்சே."

"உனக்கு அது தெரியுமா?"

"தெரியுமாவா. பழைய கூத்து. டொரதி இருந்தப்ப ஒவ்வொரு குடும்ப நாளும் அதுதான். அவளுக்கு ஒத்தப் பல்லுன்னு வாசிப்பான். அவ ஏப்ரனைக் கழட்டி அவனை அடிப்பா."

கொரீன் அங்கிருந்த மர முக்காலியில் உட்கார்ந்தாள். பழைய கூத்து. தங்கள் வாழ்க்கையைப் பற்றி அவள் ஒரு செய்தி சொன்னாள். அதற்கு அவன் கைவசம் இருந்த ஒரு வேடிக்கையை எடுத்துப் போட்டுவிட்டான். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பெட்டி கட்ட வேண்டும் என்று மட்டும் நினைத்தாள்.

"பசங்க பன்னிப்பட்டிக்கு ஓடினாங்களா?" என்றாள் மேபெத்.

"எதுக்கு?"

"பன்னிக்குட்டிக்கு. கடைசி வரி அதானே. கண்டுபிடிச்சுக் கூட்டிட்டு வர்றவங்களுக்கு ஒரு பன்னிக்குட்டி பரிசு. கூட்டிட்டு வராம இருந்தா ரெண்டு." மேபெத் சிரித்தாள். "எது என்னோடதுன்னு பசங்க பட்டிக்கு ஓடுவாங்க. அவங்களை வயல்லேர்ந்து கிளப்பத்தான் அந்தக் கூத்தே."

"இன்னிக்குப் பன்னிக்குட்டி இல்ல."

"இல்லையா?"

"திரும்பக் கூட்டிட்டு வர வேண்டாம்னான். அவ நல்லா இருக்கான்னு சொல்லி அனுப்புங்கன்னான்."

மேபெத் கரண்டியைக் கொப்பரையின் விளிம்பில் வைத்தாள். "அப்படின்னா அவனுக்கு உடம்பு சரியில்ல," என்றாள். பிறகு கொரீனின் முகத்தைப் பார்த்தாள். "நீ அவன்கிட்ட என்ன சொன்ன?"

சுற்றி வந்த குடும்பம் வாசலில் நின்றது.

"வாங்கம்மா, வாங்க. இப்ப ரெண்டாவது தடவை முக்குங்க," என்றாள் மேபெத், பக்கத்துப் பண்ணைக்காரியின் குரலில். அதே குரலில், கொப்பரையைப் பார்த்தபடியே, "பக்கத்து வீட்டுக்காரிகிட்ட எதையும் சொல்றதில்ல இந்த மிசஸ் பெல். எல்லாம் வயித்துக்குள்ளயே," என்றாள்.

கொரீன் எழுந்தாள்.

*

கடைசிப் பஸ் போனபோது வெயில் சாய்ந்திருந்தது. ஆறு மணியாகக் கொஞ்ச நேரமே இருந்தது. கொரீன் தன் சொந்த உடைக்கு மாறிக்கொண்டு, கைப்பையிலிருந்து தொலைபேசியை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் போனாள்.

ராய்ஸ் இன்னும் மிஸ்டர் பெல்லின் சட்டையில்தான் இருந்தான். காய்த் தக்காளி ஒன்றைப் பிளந்து இரண்டு கைகளிலும் தேய்த்துக்கொண்டிருந்தான். புகையிலைப் பிசின் சோப்புக்குப் போகாது, தக்காளிச் சாற்றுக்குத்தான் விடும். இன்னொன்றைப் பிளந்து அவளிடம் நீட்டினான். அவள் வாங்கித் தேய்த்தாள்.

பச்சை நுரை விரல்களுக்கிடையே வழிந்தது.

"மார்த்தான்னு சொல்லியிருக்கணும்," என்றான் ராய்ஸ்.

"ஆமா. சொல்லியிருக்கணும்."

"எந்தப் பள்ளிக்கூடம்?"

"நான் படிச்சது. நூலகத்துக்கு."

அவன் தலையசைத்தான். அந்த நூலகத்தைப் பற்றி அவள் ஒரு காலத்தில் நிறையப் பேசியிருக்கிறாள். ஜன்னலிலிருந்து படகுகள் தெரியும் என்று. அவனுக்கு நினைவிருந்தது என்பது அவன் முகத்தில் தெரிந்தது.

"பன்னிக்குட்டி எங்க போச்சு?" என்றாள் கொரீன்.

"மேபெத் சொன்னாளா."

"ம்."

ராய்ஸ் தக்காளித் தோலைப் பிழிந்தான். அதில் ஒன்றும் மிச்சமில்லை. "பரிசுன்னு சொன்னா யாராவது உன்னைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்துடுவாங்க. பிடிச்சுட்டு வந்த ஆளோட எப்படி இருக்கறது?"

"பிடிச்சுட்டு வர வேண்டாம், ராய்ஸ். போகாதேன்னு சொல்லலாம்ல."

தொட்டியில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. தூரத்தில் மேபெத் கொப்பரையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். கொரீன் காத்திருந்தாள். இத்தனை மாதங்களாக இப்படித்தான் காத்திருந்தோம் என்று அவளுக்குத் தோன்றியது. இவ்வளவு கிட்டத்தில் நின்று காத்திருந்ததில்லை என்பதுதான் வித்தியாசம்.

"நான் சொன்னா நீ இருந்துடுவ," என்றான் கடைசியில்.

"இருந்துடுவேன்."

"அதனாலதான் சொல்லல."

கொரீன் அவனைப் பார்த்தாள். வெயிலில் கறுத்த கழுத்து. இமைகளில் தூசி. கேட்க விரும்பிய வார்த்தையை அவன் தரவில்லை. அதற்குப் பதிலாகத் தந்தது கனமாக இருந்தது. அதை எங்கே வைப்பது என்று அவளுக்கு உடனே தெரியவில்லை. அவன் காலையில் வாசலில் நிற்கும் அவளை உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். எத்தனையோ காலைகளில். கேட்காமல்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு தொலைபேசியில் எண்ணை அழுத்தினாள். நகர்ந்து போய்ப் பேசவில்லை. அங்கேயே, அவன் முன்னாலேயே நின்று பேசினாள்.

"கொரீன் பேசறேன். தாமதத்துக்கு மன்னிக்கணும்." ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள். "வர்றேன். ஆமா. மாசக் கடைசில வந்துடறேன்."

பேசி முடித்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. காலிலிருந்து தலைவரை ஓர் அசதி மட்டும் ஏறியது, நல்ல உழைப்புக்குப் பின் வருவது போல.

ராய்ஸ் தக்காளித் தோல்களைப் பொறுக்கி வாளியில் போட்டான்.

"மாசக் கடைசி," என்றான்.

"ம்."

"அப்ப இலை முத்தியிருக்காது. அறுக்க இன்னும் மூணு நாலு வாரம் ஆகும்."

அவன் புகையிலையைப் பற்றித்தான் பேசுவான் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். "ஆகும்," என்றாள்.

"வேற ஆள் பாக்கணும்."

"மிசஸ் பெல்லுக்கா? மேபெத்தே அந்தப் பாவாடையைக் கட்டிப்பா. ரொம்ப நாளா அவளுக்கு அதுல ஒரு கண்ணு."

"நான் மிசஸ் பெல்லைச் சொல்லல."

அப்படியானால் மிஸ்டர் பெல்லுக்கு. அவன் சொன்னதை அவன் சொன்ன இடத்திலேயே விட்டுவைத்தாள். தொட்டால் அது பேச்சு வாக்கில் வந்ததாக ஆகிவிடுமோ என்று பயமாக இருந்தது. இந்த மண்ணை விட்டு வெளியே ராய்ஸை அவளால் கற்பனை செய்துகூடப் பார்க்க முடியவில்லை. அங்கே போய் அவன் என்ன செய்வான்? எந்த வருஷத்தில் இருப்பான்?

மிச்சக் கொழுப்பு நிறைந்த வாளியைச் சுமந்துகொண்டு மேபெத் புல்வெளியைக் கடந்து வந்தாள்.

"என்ன அதிசயம். ரெண்டு பேரும் பேசிட்டு நிக்கறீங்க. டிக்கெட் வாங்கினவங்க யாரும் பாக்கலையே."

"மேபெத்," என்றான் ராய்ஸ். "அந்த வாளியைக் கீழ வை."

"ஏன்? யாரு செத்துட்டா?"

"வை முதல்ல."

மேபெத் அண்ணனையும் கொரீனையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிப்பு முகத்திலிருந்து மெல்ல இறங்கியது. வாளியைப் புல்லில் வைத்துவிட்டு, கொழுப்புக் கையை ஏப்ரனில் துடைத்தாள்.

ராய்ஸ் கொரீனின் பக்கம் திரும்பினான். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று அவளிடம் கேட்பது போலிருந்தது. அவளுக்கும் தெரியவில்லை. ஆனாலும் தொட்டி விளிம்பில் அவனுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.